உப்புப் போட்ட மார்மலேட்

இதைப் படிக்கப் போகிறவர்கள் முதலில் என் எழுத்தைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் வருகைப் பதிவேட்டில் என் பெயர் மட்டும்தான். அதிலும் பாதி நாள் கடைசி எழுத்து கட்டத்தைத் தாண்டிப் பக்கத்து ஆளின் கட்டத்துக்குள் போய் நிற்கும். எங்கே எந்த ர போட வேண்டும் என்பது இன்றைக்கும் எனக்குக் குழப்பம். எட்டாவது வரை படித்த என் மனைவி பென்சிலால் திருத்தித் தருகிறேன் என்றாள். முதல் பக்கத்தைப் பார்த்துவிட்டு, இதுக்குப் பென்சில் ஆவாது, ரப்பர்தான் வேணும் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். பிறகு வந்து திருத்தினாள்.

எழுத உட்கார்ந்த காரணம் இதுதான். எங்கள் கம்பெனிக்கு வந்து தங்கிவிட்டுத் தன் ஊருக்குத் திரும்பிப்போன ஒரு வெள்ளைக்காரர், நான் செய்த ஒரு பண்டத்தை எப்படிச் செய்வது என்று என் கையாலேயே எழுதி அனுப்பச் சொல்லியிருக்கிறார். நான் நன்றாகச் செய்ததை அவர் கேட்கவில்லை. கெடுத்ததைக் கேட்கிறார். எப்படிக் கெடுத்தேன் என்று எழுத வேண்டுமானால் முழுவதையும் எழுதினால்தான் உண்டு.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனி கேன்டீனில் நான் பதினோரு வருடம் பாத்திரம் தேய்த்தேன். அங்கே ஒரு சாம்பார் அண்டா இருக்கிறது. அதற்குள் இறங்கி உட்கார்ந்துதான் தேய்க்க முடியும். தூரத்திலிருந்து பார்த்தால் என்னையே சாம்பாரில் போட்டு வேக வைக்கிற மாதிரி தெரியுமாம். சோப்புத் தண்ணீரில் ஊறி ஊறி என் விரல்களில் ரேகை போய்விட்டது. ரேஷன் கடையில் கைரேகை வைக்கிற மெஷின் என்னை ஒரு ஆளாகவே ஒத்துக்கொள்ளாது. மனைவி வந்து வைத்தால்தான் அரிசி.

ஒரு நாள் கேன்டீன் சூப்பர்வைசர் வந்து அண்டாவுக்குள் எட்டிப் பார்த்தார். என்னைவிடப் பத்து வயது சின்னவர், நல்ல மனிதர், ஆனால் குரல் பெரிது. கெஸ்ட் ஹவுஸ் சமையல்காரர் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டார், அடுத்த வாரம் புது மெஷினைப் பூட்ட வெளிநாட்டிலிருந்து ஒரு எஞ்சினியர் வருகிறார் என்றார்.

"யோவ், சமைப்பியா நீ?"

நான் கூச்சப்படுகிற ஆள். இல்லை என்று சொன்னால் அதற்கு மேல் நாலு கேள்வி வரும். ஆமாம் என்றால் ஒரு வார்த்தையோடு போய்விடும். ஆகவே ஆமாம் என்றேன். மனைவி தாய்வீடு போகிற நாட்களில் நான் ரசம் வைப்பேன். அந்த ரசத்தைத்தான் மனதில் வைத்துக்கொண்டு சொன்னேன்.

"மூணு மாசம் இருப்பாரு. பொங்கல் முடிஞ்சதும் மானேஜர் அவரையே கேப்பாரு, சாப்பாடு எப்படிக்குதுன்னு. நல்லாக்குதுன்னு சொன்னாருன்னா நீ அங்கியே மாஸ்டர். இல்லன்னா இந்த அண்டாதான்."

அன்று மாலை வீட்டுக்குப் போனதும், பொங்கல் வரைக்கும் என்கிற பகுதியை விட்டுவிட்டு, மாஸ்டர் என்கிற பகுதியை மட்டும் மனைவியிடம் சொன்னேன். அவள் உடனே போனை எடுத்து, ஊத்துக்கோட்டைக்கு அந்தப் பக்கம் ஆந்திர எல்லையை ஒட்டிய கிராமத்தில் இருக்கிற அவளுடைய நைனாவுக்குச் சொல்லிவிட்டாள். என் மாமனார் அந்தச் செய்தியை ஊர் முழுக்கச் சொல்லியிருக்கிறார். அப்புறம் அண்டாவுக்குத் திரும்பிப்போகிற வழி எனக்கு அடைபட்டுப் போனது.

கார்த்திகை முதல் தேதி வழக்கம்போல ஐயப்பனுக்கு மாலை போட்டேன். மாலை போட்டால் எல்லாரும் என்னைச் சாமி என்றுதான் கூப்பிடுவார்கள். சூப்பர்வைசரும் சாமி என்பார், திட்டும்போதுகூட. வீட்டில் என் மனைவியும் சாமி என்பாள். வருடத்தில் அந்த நாற்பத்து சொச்சம் நாள்தான் எனக்கு மரியாதை கிடைக்கிற காலம். அதனாலேயே நான் ஒரு வருடமும் தவறவிடுவதில்லை.

மாலையோடு இருக்கிறவன் கவிச்சி புழங்குகிற அடுப்பில் ஆக்கியதை வாயில் வைக்கக் கூடாது. கெஸ்ட் ஹவுஸ் அடுப்பில் முட்டை வேகும், ஞாயிற்றுக்கிழமை கோழியும் வேகும். அதை வேக வைக்கிறவன் நான்தான். இதற்கு என்ன செய்வது என்று எங்கள் குருசாமியிடம் கேட்டேன். தொழில் வேற, வாய் வேற, கையால செய்யி, வாயில வெக்காதே, ஊட்டுக்குப் போனதும் குளிச்சிடு என்று சொல்லிவிட்டார். நான் அந்த வார்த்தையை அப்படியே பிடித்துக்கொண்டேன். அந்தச் சமையலறைத் தண்ணீரைக்கூடக் குடிக்கவில்லை. உப்பு, காரம் எல்லாம் கண் அளவுதான், மூக்கு அளவுதான். உலகத்திலேயே, தான் சமைப்பதை ஒரு துளிகூட ருசி பார்க்காத சமையல்காரனாக என் முதல் வேலையை ஆரம்பித்தேன்.

வெள்ளைக்காரருக்கு என் வயதுதான் இருக்கும். உயரமானவர், எங்களுக்கெல்லாம் துரை. கூச்சத்தில் என்னை மிஞ்சிய ஒரு ஆளை அதுவரை நான் பார்த்ததில்லை. அவர் தங்குகிற வீட்டில் சமையலறைக் கதவை அவரே தட்டிவிட்டுத்தான் உள்ளே வருவார். சாப்பிட்ட தட்டை அவரே கழுவுவார். பதினோரு வருடம் தேய்த்தவன் நிற்கும்போது இன்னொருவர் தட்டுக் கழுவுவதைப் பார்ப்பது எவ்வளவு பெரிய தண்டனை என்று அப்போதுதான் தெரிந்தது. நான் மேசையில் வைத்துவிட்டு ஓடிப்போய்ப் பின்பக்கம் நின்றுகொள்வேன். நான் போகட்டும் என்று அவர் வெளியே நின்றுகொண்டிருப்பார். பல நாள் இட்லி மட்டும் தனியாக உட்கார்ந்திருக்கும்.

காலையில் அவருக்கு ரொட்டி. ஊரிலிருந்து ஒரு பாட்டில் கொண்டுவந்திருந்தார். மேலே பாதியாக வெட்டிய ஆரஞ்சுப் பழம் படம் போட்டிருக்கும். அதை ரொட்டியில் தடவித் தின்பார். இரண்டாவது வாரம் பாட்டில் தீர்ந்துவிட்டது. தீர்ந்த பிறகும் மூன்று நாள் கத்தியை உள்ளே விட்டுச் சுரண்டிக்கொண்டிருந்தார். அந்தச் சத்தம் என்னால் தாங்க முடியவில்லை. அவர் கேட்கவேயில்லை. நானாகப் போய்க் காலிப் பாட்டிலை எடுத்துக்கொண்டு, நான் பார்த்துக்கொள்கிறேன் என்பதுபோலத் தலையை ஆட்டினேன். அவர் முகம் சிவந்துபோய் ஏதோ நன்றி சொன்னார். இப்படித்தான் வலியப் போய் மாட்டிக்கொண்டேன்.

அது என்ன என்று சூப்பர்வைசரிடம் கேட்டேன். மேலே எழுதியிருந்ததைப் படித்துவிட்டு, மார்மலேட் என்றார்.

"ஆரஞ்சுத் தோல்ல போடற ஜாம், சாமி. கசக்கும்."

"கசக்கற ஜாமை எதுக்குத் துன்றாங்க?"

"நீ பாவக்கா துன்றியே, உன்ன யாராச்சும் கேட்டாங்களா?"

கும்மிடிப்பூண்டி பஜாரில் கமலா ஆரஞ்சு வாங்கித் தோலைச் சர்க்கரையில் கிளறினேன். அது கசக்குமா இனிக்குமா என்று எனக்குத் தெரியாது, வாயில் வைக்கக் கூடாதே. அவர் ஒரு நாள் தடவிப் பார்த்துவிட்டு மறுநாள் வெறும் ரொட்டி தின்றார். வீட்டில் இதைச் சொன்னேன். எங்கள் வீட்டில் எந்தப் புளிப்புப் பழத்துக்கும் என் மனைவியிடம் ஒரு முடிவு உண்டு. எலுமிச்சை அன்றாடத்துக்கு. கிடாரங்காய் கறிக்கும் ஊறுகாய்க்கும். காய்ச்சலில் வாய் செத்துப்போனால், பஸ்ஸில் குமட்டினால், பித்தம் ஏறினால் நார்த்தங்காய். நார்த்தை இலையை மிளகாயோடு இடித்தால் மோர்சோற்றுக்கு.

"கசக்கற தோலுன்னா நார்த்தங்காதான், சாமி. எங்க நைனா தோட்டத்துல தப்பக்கா எவ்ளோ வேணும்?" என்றாள். நாங்கள் நார்த்தங்காய் என்பதைத் தெலுங்கு கலந்து பேசுகிற அவர்கள் பக்கத்தில் தப்பக்காய் என்பார்கள். ஊத்துக்கோட்டை பஸ்ஸில் மாமனார் ஒரு கோணிப்பை நிறைய ஏற்றி அனுப்பினார். கோணியைத் திறந்ததும் கெஸ்ட் ஹவுஸ் முழுக்க வாசனை அடித்தது. கெட்டித் தோல், உள்ளே கொஞ்சம் சாறு. படத்தில் இருந்த பழத்துக்கு இது அண்ணன் மாதிரி இருந்தது.

இனி நான் செய்த காரியத்தைச் சொல்கிறேன். எங்கள் பக்கத்தில் நார்த்தங்காயைக் கத்தியால் தொட்டால் அடுத்தது உப்புதான். காயை அறுந்துவிடாமல் ஒரே சுருளாக நறுக்குவோம். இழுத்தால் ஸ்பிரிங் மாதிரி வரும். அந்தச் சுருளுக்குள் கல் உப்பை அடைத்து ஜாடியில் போடுவோம். மூன்று நாள் உப்பில் கிடந்தால்தான் கசப்பு இறங்கும், பிறகு வெயிலில் காய வேண்டும். இதை யாரும் யாருக்கும் சொல்லித்தருவதில்லை. பல் தேய்த்தால் வாய் கொப்பளிப்பதுபோல, நறுக்கினால் உப்பு. நானும் ஒரு யோசனையும் இல்லாமல் சுருளாக நறுக்கினேன், உப்பை அடைத்தேன். கசப்பு வேண்டும் என்பதற்காகவே நார்த்தங்காய் வாங்கிவந்து, அந்தக் கசப்பை எடுப்பதற்காக மூன்று நாள் உப்பில் போட்டேன் என்பது அப்போது என் மண்டையில் ஏறவில்லை.

கார்த்திகை மழை. வெயிலே இல்லை. கெஸ்ட் ஹவுஸ் பின்பக்கம் ஏசி மெஷினின் வெளிப்பெட்டி அனல் காற்றை ஊதிக்கொண்டிருக்கும். அதற்கு எதிரே ஒரு பழைய கொசுவலையைக் கட்டி, அதன்மேல் சுருள்களைப் பரப்பினேன். துரை உள்ளே குளிராகத் தூங்கத் தூங்க, அவருடைய ஜாம் வெளியே காய்ந்தது. இந்த யோசனையை நினைத்து நான் ரொம்பப் பெருமைப்பட்டேன். இரண்டு நாள் கழித்துச் சுருள்களை ஒரு அலசு அலசி, பொடியாக நறுக்கி, சர்க்கரைப் பாகில் கொதிக்கவிட்டேன். பொன்னிறத்தில் பளபளவென்று வந்தது. பாட்டில் மேலிருந்த படத்தோடு ஒட்டிப் பார்த்தேன். படம்தான் தோற்றது.

முதல் நாள் காலை அவர் ரொட்டியில் கெட்டியாகத் தடவி ஒரு கடி கடித்தார். நான் கதவிடுக்கில் நின்றுகொண்டிருந்தேன். மெல்லுவதை நிறுத்தினார். கண்ணில் தண்ணீர் வந்தது. ஊர் ஞாபகம் வந்துவிட்டது என்று நினைத்தேன். எனக்கும் கண் கலங்கிவிட்டது. அவர் திரும்பிப் பார்த்து, என் முகத்தைப் பார்த்து, மெதுவாகக் கட்டை விரலை உயர்த்திக் காட்டினார்.

அன்று வீட்டுக்கு நான் நடந்து போகவில்லை, மிதந்து போனேன். தொரை கண்ணு கலங்கிட்டாரு என்று மனைவியிடம் சொன்னேன். அவள் நைனாவிடம் சொன்னாள். இன்னொரு கோணி வந்தது. ஐந்து நாளைக்கு ஒரு பாட்டில் காலியானது. காலியாகக் காலியாக நான் போட்டேன். ஒரு பாட்டில் ஊட்டுக்குக் கொண்டா, நானும் பாக்கறேன் என்று மனைவி கேட்டாள். கவிச்சி புழங்கின அடுப்பு, மாலை கழட்டினதும் கொண்டுவருகிறேன் என்று சொல்லிவைத்தேன்.

கார்த்திகை முடிவதற்குள் மெஷினைப் பூட்டிப் பூசை போட்டார்கள். மாலை போட்டிருந்ததால் கற்பூரம் காட்ட என்னைக் கூப்பிட்டார்கள். எலுமிச்சையை வெட்டிக் குங்குமம் தடவி நாலு மூலையில் வைத்தோம், பூசணிக்காய் உடைத்தோம். துரை மூலையில் இருந்த ஒரு எலுமிச்சையை எடுத்து முகர்ந்து பார்த்தார். பிறகு கைபேசியை வெளியே எடுத்து அதனிடம் ஏதோ பேசினார். உள்ளேயிருந்து ஒரு பெண் குரல், "இதையும் தாங்கள் சமைப்பீர்களா?" என்று கேட்டது. கண்திருஷ்டிக்கு வைத்த பழத்தை வீட்டுக்குள் கொண்டுபோகக் கூடாது என்பதை அந்தப் பெண்ணிடம் எப்படிச் சொல்வது? முன்பின் தெரியாத பெண்பிள்ளை. நான் பழத்தை அவர் கையிலிருந்து மெதுவாக வாங்கி அதே மூலையில் வைத்துவிட்டு நகர்ந்துவிட்டேன்.

மார்கழி மூன்றாவது வாரத்தில் மலைக்குப் புறப்பட்டேன். எனக்கு மலைப்பாதையில் பஸ் ஏறினாலே குமட்டும். மனைவி உப்பு நார்த்தங்காய் ஒரு டப்பாவில் போட்டுக் கொடுத்திருந்தாள். வளைவு ஆரம்பித்ததும் ஒரு சுருளை வாயில் அடக்கிக்கொண்டேன். உப்பு நாக்கைப் பிடித்து இழுத்தது. அந்த வளைவில்தான் முதல் முறையாக எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. இதே காய், இதே உப்பு, இதே மூன்று நாள். நான் ஒரு அலசுதானே அலசினேன்? சரணம் சொல்ல வேண்டிய வாய் அடைத்துக்கொண்டது. சன்னிதானத்தில் எல்லாரும் குடும்பத்துக்காகக் கும்பிட்டார்கள். நான் அந்த ஜாமில் உப்பு தெரியாமல் இருக்க வேண்டும் என்று கும்பிட்டேன். ஒரு மாதத்துக்கு முன்னால் போட்ட உப்பை எடுத்துவிடச் சொல்லிக் கேட்டவன் அந்த மலையில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

ஊருக்கு வந்து மாலையைக் கழற்றி, மறுநாள் விடிந்ததும் நேராகக் கெஸ்ட் ஹவுஸ் போய் ஃபிரிட்ஜைத் திறந்தேன். பாட்டிலில் விரலை விட்டு நாக்கில் வைத்தேன்.

அதை எப்படிச் சொல்வது? முதலில் இனிக்கும். நம்பி உள்ளே விட்டால் பின்னாலேயே கடல் வரும். அதன் பின்னால், உப்பிலும் சாகாத கொஞ்சம் கசப்பு எட்டிப் பார்க்கும். என் முகம் எந்தெந்தப் பக்கம் கோணியதோ தெரியாது. கண்ணில் தண்ணீர் வந்தது. அவர் கண்ணில் வந்த தண்ணீர் என்ன தண்ணீர் என்று அப்போது புரிந்தது.

திரும்பினால் வாசலில் துரை நிற்கிறார். வழக்கம்போலக் கதவைத் தட்டக் கையைத் தூக்கியபடி நின்றிருந்தார். நான் விரலை வாயில் வைத்தபடி நின்றேன். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். அவர் கழுத்திலிருந்து காது வரை சிவந்தது. தப்புச் செய்தவன் நான், சிவந்தவர் அவர். பிறகு கைபேசியை எடுத்து, சுவரைப் பார்த்துக்கொண்டு மெதுவாகப் பேசினார். அந்தப் பெண் நிதானமாகச் சொன்னாள்.

"அது மிகவும் உப்பாக இருந்தது. ஆனால் தாங்கள் மிகவும் மகிழ்ச்சியாக இருந்தீர்கள். எனவே நான் கூறவில்லை."

எனக்குத் தரை பிளந்தால் தேவலை என்று இருந்தது. அண்டா ஒன்று பக்கத்தில் இருந்திருந்தால் இறங்கி உட்கார்ந்திருப்பேன். அப்புறம் அந்தப் பாட்டிலெல்லாம் எப்படிக் காலியானது என்று ஜாடையில் கேட்டேன். பாட்டிலைத் தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டினேன். அவர் மறுபடி கைபேசியிடம் பேசினார். தொழிற்சாலைக்கு மதியம் கொண்டுபோனாராம். அங்கே தயிர்சாதத்துக்கு ஊறுகாய் என்று நினைத்து ஒரு ஃபிட்டர் எடுத்துத் தொட்டுக்கொண்டாராம். பிறகு எல்லாரும் கேட்க ஆரம்பித்துவிட்டார்களாம். அதன் பிறகு அவரும் தயிர்சாதத்தோடு சாப்பிட்டாராம். ரொட்டியில் தடவியது முதல் நாள் மட்டும்தான். மற்ற நாளெல்லாம் நான் கதவிடுக்கில் நிற்கிறேனா என்று பார்த்துவிட்டு வெறும் ரொட்டியைத் தின்றிருக்கிறார்.

கைபேசியை என் பக்கம் நீட்டினார். நான் அந்தப் பெண்ணிடம் முதல் முறையாகப் பேசினேன்.

"மன்னிச்சிக்கோங்க சார். மாலை போட்டுக்கினு இருந்தேன். அதான் ருசி பாக்கல."

அவள் அதை என்னவென்று சொன்னாளோ, அவர் வெகுநேரம் என் கழுத்தையே பார்த்தார்.

மதியம் சூப்பர்வைசரிடம் போய் நின்றேன். அவர் சிரித்த சிரிப்பில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "நானே மூணு பாட்டில் துன்னுருக்கேன்யா. நீ நம்ம ஆளுங்க மேல பாசத்துல ஊறுகா குடுத்துவுடறேன்னு நெனச்சேன்" என்றார். பின்பக்கம் பாத்திரம் தேய்க்கிறவர்கள், என்னோடு பதினோரு வருடம் இருந்தவர்கள், வரிசையாக வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். அந்தப் பாட்டில்களைக் கழுவியதே அவர்கள்தானாம். அவர்களுக்கு முதலிலிருந்தே தெரியும். ஒருவன், உன் எடத்தை யாருக்கும் குடுக்கல, அண்டாவைக் காலியாத்தான் வெச்சிக்கினு இருக்கோம் என்றான்.

பொங்கலுக்கு இன்னும் ஒரு வாரம் இருந்தது. மானேஜர் வந்து கேட்கப்போகிற நாளை எண்ணிக்கொண்டிருந்தேன். மனைவியிடம் சொல்லவும் இல்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை துரை சமையலறைக் கதவைத் தட்டினார். கையில் ஒரு காகிதம், அதில் படம் படமாக வரைந்திருந்தார். மெஷின் வரைகிறவர் அல்லவா, நார்த்தங்காயின் குறுக்குவெட்டுக்கு அளவெல்லாம் போட்டிருந்தார். எனக்குப் படிக்க வேண்டிய தொல்லை இல்லை.

அன்று இரண்டு பேரும் சேர்ந்து செய்தோம். சாற்றைப் பிழிந்து தனியாக வைத்தோம். தோலைத் தீக்குச்சி மாதிரி மெல்லிசாக நறுக்கினோம். நறுக்கி முடித்ததும் என் கை தன்பாட்டுக்கு உப்பு ஜாடிக்குப் போனது. அவர் என் மணிக்கட்டைப் பிடித்தார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி போனது. மறுபடி பிடித்தார். மூன்றாவது முறை ஜாடியையே எடுத்துக்கொண்டுபோய்த் தன் படுக்கையறையில் வைத்துவிட்டு வந்தார். கொட்டைகளை எறியப்போனேன், அதையும் தடுத்தார். ஒரு துணியில் மூட்டை கட்டித் தண்ணீரில் போடச் சொன்னார். அந்த மூட்டையிலிருந்துதான் ஜாம் இறுகுமாம். இத்தனை வருடம் நாங்கள் எறிந்ததெல்லாம் அதுதான். தோலும் சாறும் மூட்டையும் தண்ணீரில் ஓர் இரவு ஊறின. மறுநாள் தோல் குழையும்வரை வேகவைத்து, மூட்டையைப் பிழிந்து எடுத்துவிட்டு, வெந்ததன் எடைக்குச் சரியாகச் சர்க்கரை போட்டுக் கொதிக்கவிட்டோம். ஃபிரிட்ஜில் வைத்துச் சில்லிட்ட தட்டில் ஒரு சொட்டு விட்டு விரலால் தள்ளினால் சுருக்கம் விழ வேண்டும். விழுந்தது.

அவர் ஒரு ஸ்பூன் எடுத்து என்னிடம் நீட்டினார். முதலில் நான் ருசி பார்க்க வேண்டுமாம். பார்த்தேன். கசந்தது. நன்றாக, தெளிவாக, யாருக்கும் பயப்படாமல் கசந்தது. அதன்மேல் இனிப்பு. பிறகு அவர் வாயில் வைத்தார். இந்த முறை கண்ணில் தண்ணீர் வரவில்லை. ரொட்டியை எடுத்து உட்கார்ந்தார். நான் ஓடவில்லை, அவரும் நான் போகட்டும் என்று காத்திருக்கவில்லை. அவ்வளவுதான்.

சாயங்காலம் ஒரு கிண்ணத்தில் கொஞ்சம் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போய், மனைவியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பொங்கல் வரைக்கும்தான் வேலை என்பதையும் சேர்த்துச் சொன்னேன். அவள் விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள்.

"இன்னாய்யா இது? கசக்குது. உப்பு போட மறந்துட்டியா?"

பொங்கல் முடிந்து மானேஜர் கெஸ்ட் ஹவுஸுக்கு வந்தார். நான் சமையலறை வாசலில் நின்றேன். சூப்பர்வைசர் என் பக்கத்தில் நின்றார். மானேஜர் இங்கிலீஷில் ஒரு கேள்வி கேட்டார். துரை சிவந்துபோய், மேசையைப் பார்த்துக்கொண்டு, நான் கேட்டதிலேயே மிக நீளமாகப் பேசினார். ஒரு வார்த்தையும் எனக்குப் புரியவில்லை. நல்லா இருக்குது என்பதைச் சொல்ல இவ்வளவு நேரம் ஆகாது என்பது மட்டும் தெரிந்தது.

சூப்பர்வைசர் குரலை அடக்கிச் சொன்னார்.

"மொதல்ல போட்டத ரொட்டிக்கு வெக்க முடிலியாம். தப்பு தெரிஞ்சதும் நீ நின்னு கத்துக்கினு ஒழுங்கா செஞ்சியாம். வேற ஆளு வேணாமாம். ஆனா மெட்ராஸ்ல இருக்கற எல்லா உப்பையும் உங்கிட்ட குடுத்துடக் கூடாதுன்றாரு."

மானேஜர் சிரித்துவிட்டார். என்னைக் கூப்பிட்டு, இனிமேல் ருசி பார்த்துச் சமைப்பீர்களா என்று தமிழில் கேட்டார். பார்ப்பேன் சார் என்றேன். அந்த இரண்டு வார்த்தையைச் சொல்ல எனக்கு எவ்வளவு நேரம் ஆனது என்பதை எழுதினால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். அதற்குள் அவர் வாசல்வரை போய்விட்டார்.

அன்றிலிருந்து நான்தான் அங்கே சமையல். துரை மாசியில் ஊருக்குப் போனார், பெட்டியில் ஆறு பாட்டில் மார்மலேட்டோடு. அதன் பிறகு வந்து தங்கியவர்கள் யாரும் மார்மலேட் கேட்கவில்லை. ஒருவர் சப்பாத்தி கேட்டார், ஒருவர் தினமும் நூடுல்ஸ் கேட்டார். கேன்டீன்காரர்கள்தான் விடவில்லை. தயிர்சாதத்துக்கு நான் கெடுத்த அந்த உப்பு மார்மலேட்டே வேண்டுமாம். வாரம் ஒரு ஜாடி போட்டுக் கொடுக்கிறேன். போன கார்த்திகையில் மறுபடி மாலை போட்டேன். என் வாய் ஆகாது என்பதால், எதைச் செய்தாலும் முதல் ஸ்பூன் சூப்பர்வைசருக்கு. அவரைக் கூப்பிடக் கூச்சப்பட்டு இரண்டு நாள் அப்படியே ஆறவிட்டிருக்கிறேன். மூன்றாவது நாளிலிருந்து அவரே மணி பார்த்து வர ஆரம்பித்துவிட்டார்.

இதையெல்லாம் எழுத வைத்தது துரை சூப்பர்வைசரின் போனுக்கு அனுப்பிய செய்திதான். தன் ஊரில் நல்ல மார்மலேட் கடையிலேயே கிடைக்கிறது, ஆனால் தயிர்சாதம் செய்து பார்த்தேன், அந்த முதல் பாட்டில் இல்லாமல் அது இறங்கவில்லை, எப்படிச் செய்தீர்கள் என்று உங்கள் கையால் எழுதி அனுப்புங்கள் என்று கேட்டிருந்தார். செய்தி வந்து மூன்று மாதம் ஆகிறது. என் கையெழுத்தைக் கடல் தாண்டி அனுப்புவதா என்று தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தேன். அனுப்பாவிட்டால் அங்கே அவர் காலிப் பாட்டிலைச் சுரண்டுகிற சத்தம் எனக்குக் கேட்கிறது.

ஆகவே செய்முறை: நார்த்தங்காயைச் சுருளாக, அறுந்துவிடாமல் நறுக்கவும். உள்ளே கல் உப்பை அடைத்து மூன்று நாள் வைக்கவும். ஏசியின் வெளிப்பெட்டிக்கு எதிரே இரண்டு நாள் காயவைக்கவும். உங்கள் ஊரில் ஏசி இல்லையென்றால் என்ன செய்வது என்று எனக்குத் தெரியாது. ஒரு அலசு மட்டும் அலசவும். பொடியாக நறுக்கிச் சர்க்கரைப் பாகில் கொதிக்கவிடவும். எந்த இடத்திலும் ருசி பார்க்க வேண்டாம். பார்த்தால் மனம் மாறிவிடும்.

21.2.2025, வெள்ளிக்கிழமை, மாசி ஒன்பதாம் தேதி எழுதி முடித்தேன்.